நான்கு மணி நேர வானம்

ஸ்குவாட்ரனின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள்,
இருபதாம் ஆண்டு விழாவுக்கு,
நாற்பது பக்கத்தைத் தாண்டாமல்.
எண்ணெய்க் கணக்கு எழுதியவள் நான், லுகேர்யா ஸ்பிரிதோனவ்னா.
வேறு யாரும் மிஞ்சவில்லை என்பதல்ல,
மற்றவர்களின் கையெழுத்து மோசம்.

"எங்கள் ஸ்குவாட்ரன் எதிரியைக் கண்டதே இல்லை."
முதல் வரி இது. அடித்துவிட்டார்கள்.

அலாஸ்காவில் சிவப்பு நட்சத்திரம் பூசிக்கொண்டு
கடல் தாண்டி வரும் விமானங்கள்
கை மாறும், கை மாறும், மறுபடி கை மாறும்,
தீப்பிடித்த வீட்டுக்கு வாளி வாளியாய்த் தண்ணீர் போவதுபோல.
தீ எங்கோ மேற்கே.
எங்களுக்கு அதன் புகைகூட வந்ததில்லை.
கொலிமாவிலிருந்து யாகூத்ஸ்க் வரை
நான்கு மணி நேர வானம், அவ்வளவுதான் எங்கள் பங்கு.
கொண்டுபோய் விட்டுவிட்டு
சரக்கு விமானத்தில் மூட்டைகளோடு மூட்டையாய்த் திரும்புவார்கள்
அடுத்ததை எடுக்க.

குளிரை ஐம்பத்து நான்கு என்று எழுதுவோம்.
கழித்தல் குறி போடுவதில்லை.
குளிர்காலத்தில் அங்கே கூட்டல் ஏது?
இரவில் எஞ்சினின் எண்ணெயை வடித்து
உள்ளே தூக்கிவந்து அடுப்போரம் வைப்போம்,
ஜுரம் கண்ட பிள்ளையைக் கிடத்துவதுபோல.
விடிந்ததும் சுடச்சுடத் திரும்ப ஊற்றுவோம்.
விட்ட மூச்சு காதோரமே உறைந்து சலசலக்கும்.
நட்சத்திரங்கள் கிசுகிசுக்கின்றன என்பார்கள் அங்குள்ள சாகா மக்கள்.
இதையும் அடித்தார்கள்,
கவிதையாம்.

ஓடுபாதைக்கு அரைப் பக்கம்.
"அமைக்கப்பட்டது" என்று போட்டேன்.
யார் அமைத்தார்கள் என்று யாரையும் கேட்கவைக்காத நல்ல சொல்.
தகரக் குவளையோடு வரிசையில் நின்றவர்கள்,
விமானம் இறங்கும்போதெல்லாம் மண்வெட்டியை ஊன்றி
அண்ணாந்து பார்த்து அடி வாங்கியவர்கள்.
காவலாளியின் நாய்க்குப் பெயர் புரான்.
அது நினைவிருக்கிறது.
அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

ஏராகோப்ராவுக்குக் கார் மாதிரிக் கதவு.
ஒன்றின் இருக்கைக்கு அடியில் ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறை கிடந்தது.
கடலுக்கப்பால் ஏதோ தொழிற்சாலையில்
எவளோ பின்னி ஒளித்துவைத்தது.
பச்சை நிறம். இடது கட்டைவிரல் கோணல்.
தெரெந்தி ஸ்யூசின் மாட்டிக்கொண்டான்.
"ஒப்படைக்க வேண்டிய பொருள்" என்றேன்.
"எழுதாதே" என்றான்.
எழுதவில்லை.

ஜனவரி பதினேழு.
ஒன்பது கிளம்பின, எட்டுப் போய்ச் சேர்ந்தன.
சேர்ந்தது என்று ஒரு கட்டம், திரும்பியது என்று ஒரு கட்டம்.
இரண்டிலும் கோடு இழுத்தேன்.
எண்ணெய்: நாற்பது லிட்டர் கொடுத்தது. வரவில்லை.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில்
கலைமான் மேய்க்கும் எவென்காரர் அஃபனாசி ஸ்லெப்த்ஸோவ்
ஒரு கதவைச் சுமந்துகொண்டு அலுவலகம் வந்தார்.
இறைச்சிக் கிடங்குக்கு நன்றாகப் பொருந்தியதாம்,
பதினோரு வருடமாய் ஒரு கரடியும் உள்ளே வரவில்லையாம்.
"ஆள் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான்.
லார்ச் கிளை வெட்டி மூடினேன்.
அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கொஞ்சம் புகையிலை வைப்பேன்."
ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அதட்டினார் மேஜர்.
"கதவில் அந்நிய எழுத்து.
கையில் பச்சை உறை, நம் பக்கத்துப் பின்னல் இல்லை.
வேற்று நாட்டான் என்று நினைத்தேன்.
வேற்று நாட்டானைப் பார்த்தேன் என்று
உங்களிடம் வந்து யார் சொல்வது?"

மேஜர் என்னைப் பார்க்கவில்லை.
நான் கதவைப் பார்த்தேன்.
கைப்பிடி தேய்ந்து பளபளத்தது,
இறைச்சி எடுக்கத் திறந்து திறந்து.

வரலாறு அச்சாகிவிட்டது.
அட்டையில் யாரையோ பார்த்துச் சீறும் விமானம்.
முப்பத்தெட்டுப் பக்கம்.
மிச்சம் இரண்டு இருந்தும் தரவில்லை.

பழைய கணக்கேட்டை எடுத்து
ஜனவரிப் பக்கத்தின் ஓரத்தில் இன்று சேர்த்தேன்:
கையுறை, கம்பளி, பச்சை, ஒரு ஜோடி.
பெற்றவர் ஸ்யூசின்.
கையொப்பத்துக்கு ஒரு கட்டம் போட்டுவிட்டு
பேனாவை மூட மறந்து
உட்கார்ந்திருக்கிறேன்.